எரியாத கட்சிக்காரர் மகள்

காமன் எரிந்தானா இல்லையா என்று யாராவது இன்று என்னிடம் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். பக்தியால் அல்ல, கோபத்தால். இந்த ஒரு கேள்விக்காக எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல் விழுந்திருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது, கூடப் பிறந்தவர்கள் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்ததே இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் அம்பு விட்டான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். இதுவரை தகராறு இல்லை. மாசி மாதம் மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியன்று அதைக் கொளுத்துகிற வரைக்கும் சாயங்காலம்தோறும் தப்புப் பறை முழங்கும். தோட்டம் இரண்டாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடும். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எரிந்த கட்சி. கண் திறந்தது, ஆள் சாம்பல், அவ்வளவுதான் என்பார்கள். கீழ் லயத்தில் இருந்த நாங்கள் எரியாத கட்சி. ரதி அழுது கேட்டதால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தாரே, கட்டியவள் கண்ணுக்குத் தெரிகிறவன் எப்படி எரிந்தவன் ஆவான் என்று கேட்போம். பதில் பாட்டு வராத கட்சி தப்பைக் கீழே வைக்க வேண்டும். வைக்க யாருக்கு மனம் வரும்? அடிதடி வரும்.

என் அப்பா எரியாத கட்சியின் பாட்டுக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கை, அதற்குத் தகுந்த குரல். எதிர்க் கட்சியின் பாட்டுக்காரர் வேறு யாருமில்லை, என் அம்மாவின் அண்ணன். மற்ற மாதங்களில் இரண்டு பேரும் ஒரே மலையில் வேலை செய்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். மாசி பிறந்தால் பேச்சு நின்றுவிடும். அம்மா ஒருவருக்குச் சோறு போட்டுக்கொண்டு இன்னொருவருக்காகக் கவலைப்படுவாள்.

பாட்டுக்காரர்கள் இருவருக்கும் கம்பம் ஊன்றுகிற அன்றே வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். காப்பு கையில் இருக்கும்வரை கவிச்சி தொடக்கூடாது. தன் கட்சிக்கு மாறாக ஒரு வார்த்தை, விளையாட்டுக்குக்கூட, வாயில் வரக்கூடாது. வந்துவிட்டால் அந்த ஆள் கம்பத்தின் முன்னால் நின்று தானே காப்பை அறுக்க வேண்டும். அதன்பிறகு அவன் கட்சி அவனை என்ன செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படி ஒருவர் அறுத்ததை நான் பிறந்ததிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

நான் அப்போது பஜாரில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் லயங்களிலிருந்து போன ஒரே பிள்ளை நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்குக் கூடைதான். பன்னிரண்டு வயது ஆனதும் கணக்கப்பிள்ளை பேர் பதிந்து அரைக் கூலி ஆளாகக் கொழுந்து பறிக்க அனுப்புவார். எனக்கும் அந்த வயது வந்துவிட்டது. அவர் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் என்ன, மகள் கலெக்டர் ஆகப்போகிறாளா என்று கிண்டல் செய்வார். அவள் படிக்கட்டும் என்று அப்பா ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவார். பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் காரணத்துக்காக நின்றாலும் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் என் பேர் ஏறிவிடும் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடம் முதலில் பாதிரிமார் நடத்தியது. நான் சேர்ந்த வருஷம் வேதாகமத்தை மனப்பாடம் செய்யாததற்கு அடி வாங்கினேன். பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தது. இனி அந்தந்தப் பிள்ளைக்கு அந்தந்தச் சமயத்தைத்தான் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் லயத்தில் சந்தோஷப்படாத ஆள் இல்லை. நம்ம சாமியை இனி நம்ம பிள்ளைகள் படிக்கும் என்று அப்பா முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தார். சைவ சமயம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பால் போன்ற வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தேத்தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரம். வந்த முதல் நாளே பாதிரியாரின் அலுமாரியைத் திறந்து அதே பிரம்பை எடுத்துக்கொண்டார். சாமி மாறியது, பிரம்பு மாறவில்லை.

மாசியில் கம்பம் ஊன்றிய வாரம் அது. சிவன் யார் யாரை எப்படி அழித்தார் என்ற பாடம். யானையைக் கிழித்தது, யமனை உதைத்தது, பிரமன் தலையைக் கிள்ளியது என்று வாத்தியார் ருசித்து ருசித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். காமனை என்ன செய்தார் என்று கேட்டு என்னை எழுப்பினார். எரிந்தான் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என் வாய் அதைச் சொல்லவில்லை. காமன் எரியவில்லை என்றேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"எங்க அப்பா, சேர்."

"உன்ரை அப்பா என்ன, பெரிய பண்டிதரோ?"

கவ்வாத்து வெட்டுகிறார் என்றேன். வகுப்பு சிரித்தது. தோட்டக்காட்டுப் புத்தியை இங்கே கொண்டுவராதே என்று சொல்லிக் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையில் அல்ல, திருப்பிப் பிடிக்கச் சொல்லி விரல் முட்டிகளில் அடித்தார். எரிந்தானா என்று கேட்டு ஓர் அடி, நான் வாயைத் திறக்காததற்கு இன்னோர் அடி. முட்டித் தோல் பிய்ந்து ரத்தம் பிரம்பில் ஒட்டியபோது அவர் அதைத் தன் வேட்டியில் படாமல் என் பாவாடையில் துடைத்தார். அந்த ஒன்றுதான் எனக்கு இன்றும் ஆறாதது. பிறகு வெளியே சரளைக் கல்லில் முழங்காலில் நிற்க வைத்து, காமன் எரிந்தான் என்று மணி அடிக்கும்வரை சத்தமாகச் சொல்ல வைத்தார்.

அம்மா விரல்களுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள், அப்பாவிடம் மூச்சு விடாதே என்றாள். அப்பா பார்த்துவிட்டார். எதற்கு அடித்தார் என்று கேட்டார், சொன்னேன். சரளைக் கல்லில் நின்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு வாத்தியார் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ பெருமை. என் மகள் எரியாத கட்சிக்காக ரத்தம் சிந்தியிருக்கிறாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கீழ் லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். என் விரல் அவருக்குக் கொடியாகிவிட்டது. கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் அதையே பாட்டாகக் கட்டிப் பாடினார். சின்னப் பெண் அடி வாங்கியும் விட்டுக்கொடுக்காத கட்சி எங்கள் கட்சி, உங்களிடம் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று கேட்டார். கீழ் லயத்து ஆட்கள் துள்ளினார்கள். மாமா தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாடாமல், நிதானமாகப் பேசினார்.

"அரசாங்கம் அச்சடிச்ச புஸ்தகம் அவகிட்ட இருக்கில்ல. அதுல என்ன போட்டிருக்கோ அதுதான் தீர்ப்பு. புள்ளய படிக்கச் சொல்லுங்க மச்சான்."

அப்பா ஒரு நொடியும் தயங்கவில்லை. எழுத்துத் தெரியாதவர் அவர். நாங்கள் பாடுகிற பாட்டெல்லாம் எப்போதோ யாரோ புத்தகத்தைப் பார்த்துக் கட்டியது என்று கேட்டு வளர்ந்தவர். வாத்தியார் பொல்லாதவராக இருக்கலாம், புத்தகம் எப்படிப் பொய் சொல்லும், அது நம் பக்கம்தான் இருக்கும் என்று முழு மனதாக நம்பினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போய் எடுத்துவா தாயி என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொண்டுவந்தேன். மாற்றிப் படித்திருக்கலாம், அங்கே என்னைத் தவிர அதைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. ஆனால் நான் பொய் படிக்கவா பள்ளிக்கூடம் போனேன்? இருப்பதைத்தான் படித்தேன். நெற்றிக்கண் திறந்தது, காமன் எரிந்து சாம்பலானான் என்று இருந்தது. பாடம் அதோடு முடிந்திருந்தது.

மேல் லயத்தார் கூச்சல் வானத்தைத் தொட்டது. தப்பைக் கீழே வை, கீழே வை என்று கத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொல்லி விளக்க முடியாது. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டாகக் கிழித்து, தப்புக் காய்ச்ச மூட்டியிருந்த நெருப்பில் போட்டார். மாமா அதை எடுக்கக் குனிந்தார். அப்பா கையிலிருந்த தப்பாலேயே மாமாவின் முகத்தில் அடித்தார். உதடு கிழிந்து முன் பல் ஒன்று கீழே விழுந்ததைப் பார்த்தேன். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. காமனுக்கு அடுக்கியிருந்த விறகு எல்லோர் கையிலும் இருந்தது. ஒரு கிழவனார் கால் ஒடிந்து தேயிலைச் செடிக்குள் கிடந்தார். பெண்கள் பீலித் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஆண்கள் மேல் ஊற்றியபிறகுதான் அடங்கியது.

மறுநாள் சமய வகுப்பில் புத்தகம் எங்கே என்று வாத்தியார் கேட்டார். அப்பா கிழித்து நெருப்பில் போட்டுவிட்டார் என்றேன். அடிப்பார் என்று கையைத் திருப்பி நீட்டினேன். அவர் அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கியிருந்தது. "தேவாரமெல்லே பிள்ளை அதுக்குள்ளை இருந்தது" என்றார். அது நடிப்பு இல்லை. அவருக்கு அந்தத் தாள் சாமிதான். அதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த நிமிடம் எழுந்து வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் போனார். தடுக்கி விழுந்தேன், விடவில்லை. தேவாரத்தை எரித்தவன் வந்து வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டு, காமன் எரிந்தான் என்று தன் வாயால் சொல்லும்வரை இந்தப் பக்கம் வராதே என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வீட்டில் சொன்னேன். அப்பா காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதாள். கணக்கப்பிள்ளைக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, பொழுது சாய்வதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். காலையில் என்னைப் பெரட்டுக்குக் கூட்டிவரச் சொன்னார்.

போனேன். பனியில் அம்மாவின் பழைய சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். பொட்டல் சண்டையில் வீங்கிய முகங்கள் வரிசையாக நின்றன. கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்து என் பேரைக் கேட்டார். அதற்குள் கவ்வாத்து ஆட்களின் வரிசையிலிருந்து அப்பா வந்து என் கையைப் பிடித்தார். "பேரு எழுத வேணாங்க" என்றார். என்னை இழுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார்.

இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் வாத்தியார் இன்றோடு முடிந்தார் என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அப்படியே நடக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகட்டும், நான் கொழுந்து பறித்துக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மனதுக்குள் எல்லாம் தீர்மானித்துவிட்டேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். அப்பா நின்று கத்தியை உருவினார், அம்மா கையில் கொடுத்தார், திரும்பி நடந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வகுப்பு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கோபத்தில் செய்துவிட்டேன், சாமி புத்தகம் என்று யோசிக்கவில்லை, மன்னிக்கணும் என்று சொன்னார். வாத்தியார் அது போதாது என்றார். காமனுக்கு என்ன நடந்தது என்று சொல்லு என்றார். அப்பா மணிக்கட்டைப் பார்த்தார். அந்த நூலை எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள், அது என்னவென்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எரிஞ்சான், சாமி."

"கேக்கேல்லை. உரத்துச் சொல்லு."

உரக்கச் சொன்னார். பொட்டலில் எழும்புகிற அதே குரல், கண்ணாடி அதிர்ந்தது. வாத்தியாருக்கு அதுவும் போதவில்லை. உன்ரை மகளைப் பார்த்துச் சொல்லு என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். "எரிஞ்சான் தாயி" என்றார். பிறகு உட்கார்ந்து படி என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வாத்தியார் அலுமாரியிலிருந்து எனக்குப் புதிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று நடந்தது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா சும்மா இருந்திருந்தால் அன்று மாலையே தப்பை எடுத்துப் பாடியிருக்கலாம். அவரால் அது முடியவில்லை. அம்மா காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள், ஒரு வார்த்தைதானே, போகட்டும் என்றாள். அவர் விலக்கிவிட்டுப் பொட்டலுக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். கம்பத்தின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார் என்பதை இரண்டு கட்சிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பல்லால் கடித்துக் காப்பை அறுத்தார்.

மேல் லயத்தார் சத்தம் போடவில்லை. கீழ் லயத்தார்தான் பாய்ந்தார்கள். காலையில் அவரோடு ஒரே வரிசையில் நின்றவர்கள், என் விரலைத் தொட்டுப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள். எங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்றுவிட்டாயே என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அவர் கையைத் தூக்கக்கூட இல்லை. ஒருவன் விறகுக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தபோது அப்பா உட்கார்ந்தார், அப்புறம் சாய்ந்தார். நான் ஒருவனுடைய முதுகில் ஏறி அவன் காதைக் கடித்தேன். ரத்தத்தின் உப்பு வாய்க்குள் வந்தது, விடவில்லை. என்னைப் பிய்த்து எறிந்தார்கள்.

அப்போதுதான் மாமா வந்தார், கிழிந்த உதட்டோடு. விறகைப் பிடுங்கி நாலு பேரை விளாசினார்.

"இவர அடிக்கிற பாத்தியத எனக்கு மட்டும்தாண்டா இருக்கு" என்றார். குனிந்து அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அந்த வருஷம் காமனைக் கொளுத்தினார்கள். எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லாததால் மாமாவும் பாடவில்லை. அப்பாவுக்கு மண்டையில் தையல், இடது காது போய்விட்டது. காது போனபின் தப்போடு குரல் சேரவில்லை, அவர் மறுபடி பாடவில்லை. நான் நாள் தவறாமல் பள்ளிக்கூடம் போனேன். போகாமல் இருந்தால் அவர் வாங்கிய அடிக்கு என்ன அர்த்தம்?

அவர் இன்னும் படுக்கையில் இருந்தபோதே சமய பாடத்தில் அடுத்த பகுதி வந்தது. சிவனுடைய கருணை என்று தலைப்பு. முன்னதாகவே புரட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடி விழுகிற பாடத்தை யார் ஆசையாகப் புரட்டுவார்கள்? வாத்தியார் வெற்றிலை மெல்லுவதுபோல் நிதானமாக, எந்தக் கூச்சமும் இல்லாமல் விளக்கினார். ரதி அழுதாள், சிவன் இரங்கினார், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி காமனுக்கு உயிர் கொடுத்தார். அப்பாவின் பாட்டு அப்படியே அச்சில் இருந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

அன்று வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து அதைப் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். முகம் மலர்ந்தது. நாம் சொன்னதுதானே என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நான் அங்க வந்து நின்னப்போ, வாத்தியாருக்கு இது தெரியுமா தாயி?"

தெரியும் அப்பா என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை விறகால் அடித்தவர்களோடு நான் பிறகு பேசியிருக்கிறேன், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வாத்தியாரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.